முப்பத்தோராம் முட்டை

எஸ்லினின் முனைவர் பட்டம் கடைசியில் ஒரு கோழிக்குஞ்சின் எச்சத்தில் வந்து நின்றது. குஞ்சு கழிந்தால் பட்டம். கழியாவிட்டால் ஆறு வருஷ உழைப்பும் அம்போ. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். சங்கரன்கோவிலில் அவள் வேலை பார்க்கிற பெண்கள் கல்லூரியில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். அவளுக்குத்தான் இன்னும் முறை வரவில்லை.

அவள் அங்கே விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஆராய்ச்சி குடல் நரம்பைப் பற்றியது. மூளையிடம் உத்தரவு கேட்காமலே தின்றதைத் தள்ளிக்கொண்டு போகிற நரம்புக் கூட்டம் ஒன்று குடல் சுவரில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூட்டம் வயிற்றில் பிறப்பதில்லை, பிடரிப் பக்கம் பிறக்கிறது. முட்டைக்குள் கரு ஒரு புழு மாதிரி கிடக்கும்போதே சில செல்கள் அங்கிருந்து கிளம்பி, தொண்டையில் இறங்கி, குடலைப் பிடித்துக்கொண்டு, வழிநெடுக ஆள் இறக்கியபடியே நடக்கின்றன. கோழியில் இரண்டாம் நாள் புறப்பட்டால் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள்தான் கடைக்கோடிக்குப் போய்ச் சேரும். சில சமயம் வழியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அப்படி நின்றுவிட்டால் கடைசித் துண்டுக்கு நரம்பு கிடையாது. மேலேயிருந்து எவ்வளவு வந்தாலும் வெளியே தள்ள அங்கே ஆள் இல்லை.

எஸ்லினுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த சங்கதி இல்லை. தங்கை பிளஸ்ஸி பிறந்த மூன்றாம் நாளே வயிறு பானையாக வீங்கிப்போய்ப் பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நரம்பு போய்ச் சேராத துண்டை டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டுத் தைத்தார்கள். "இனி காத்துப் பிரியணும். பிரிஞ்சா பிள்ளை பிழைச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா வேதமுத்து அறிவியல் வாத்தியார், பேச்சுக்குப் பேர்போனவர். நான்கு நாள் வார்டு வராந்தாவில் ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பத்து வயது எஸ்லின் தங்கையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் காலை அந்தச் சின்ன உடம்பிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா ஏசுவடியாள் இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம்!" என்று கத்தினாள்.

அன்று தொடங்கிய பழக்கம். அந்த வீட்டில் யாருக்குக் காற்றுப் பிரிந்தாலும் அம்மா வாயில் தானாக ஸ்தோத்திரம் வந்துவிடும். ஒருமுறை வீட்டு ஜெபத்துக்குக் குருவானவர் வந்திருந்தபோது, பிளஸ்ஸி கண்ணை மூடியபடியே விட்டுவிட்டாள். அம்மா வழக்கம்போல் ஸ்தோத்திரம் சொல்ல, விஷயம் தெரியாத குருவானவர் வெகு உருக்கமாக "ஆமென்" என்றார். அப்பா எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

எஸ்லின் செய்த சோதனை இதுதான். கோழிக் கருவின் பிடரியில் நரம்பு கிளம்புகிற இடத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அதே இடத்தில் காடைக் கருவிலிருந்து எடுத்த துண்டை நட வேண்டும். இரண்டாம் நாள் கரு. நூலிழையைவிடக் கொஞ்சம் பெரிது. முட்டை ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, உள்ளே வேலையை முடித்து, ஜன்னலை டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். காடை நரம்பு கோழிக் குடலின் கடைசி வரை நடந்துபோய் வேலை பார்க்குமா என்பதுதான் கேள்வி. அவளுடைய கைடு கறாரானவர். "செத்த கருவைக் கண்ணாடித் தகட்டுல வச்சுக் காட்டாதீங்க, அதை உலகமே பாத்தாச்சு. குஞ்சு பொரிக்கணும், அது ஒழுங்கா வெளிக்குப் போகணும். அதைக் கொண்டாங்க, கையெழுத்துப் போடுதேன்" என்றார். பதிவுக் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

இதுவரை போட்ட முட்டைகளெல்லாம் கெட்டுப்போயின. இந்தக் கடைசி அடுக்கில் நாற்பது முட்டை. பதிமூன்றாம் நாள் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று, முப்பத்தோராம் எண். ஓட்டில் பென்சிலால் 31 என்று எழுதி, பக்கத்தில், துண்டை நட்டபோது கருவுக்கு ஆன மணிக்கணக்கை 38 என்றும் போட்டிருந்தாள். முட்டையைத் திருப்பிவைக்க அடையாளமாக ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஜன்னலுக்கு மேல் டேப். இந்த அடையாளங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஊரைக் கூட்டப்போவது இவைதான்.

பதிமூன்றாம் நாள் காலை கல்லூரிக்குப் பின்னாலிருந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது. சாயங்காலம்தான் கரண்ட் வரும் என்றார்கள். இன்குபேட்டருக்கு இருந்த பேட்டரி ஒரு மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டது. எஸ்லின் முட்டையைப் பஞ்சில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். அந்த நேரத்தில் முப்பத்தேழு டிகிரி வேறெங்கே கிடைக்கும்? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறைமாத கர்ப்பிணி மாதிரி ஏறி இறங்கியதில், பின்னால் வந்த லாரிக்காரன் ஆரன் அடித்து ஓய்ந்துபோனான்.

பனவடலிசத்திரத்தில் துரைப்பாண்டி அண்ணாச்சி இருக்கிறார். அவளுக்குக் கருக்கட்டிய முட்டை கொடுக்கிறவர். வாரா வாரம் முட்டை வாங்கியும் டீச்சர் ஒல்லியாகவே இருப்பது ஏன் என்று ரொம்ப நாளாக யோசித்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். ஆனால் அண்ணாச்சிக்கு உயிர் வேறிடத்தில் இருந்தது. கிளிமூக்கும் விசிறிவாலும் கொண்ட வெள்ளைச் சேவல் ஒன்று வைத்திருந்தார். போன வருஷக் கண்காட்சியில் திருவேங்கடம் ஊர்க்காரர் சங்கரபாண்டியனின் சேவலைத் தோற்கடித்து அது முதல் பரிசு வாங்கியது. அந்தச் சேவலின் வாரிசு முட்டை பதினொன்றை, எஸ்லினுக்கு நாற்பது கொடுத்த அதே நாளில்தான் பெட்டைக்கோழிக்கு அடை வைத்திருந்தார். இது எஸ்லினுக்குத் தெரியும். வழியெல்லாம் அதைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அண்ணாச்சி தோட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி கோமதித்தாய் மட்டும்.

"வாங்க டீச்சர். என்ன வேர்த்துக் கொட்டுது? இருங்க, காப்பி போடுதேன்."

"அக்கா, அண்ணாச்சி அடை வச்சிருக்காங்கள்ல, அதுல என் முட்டை ஒண்ணை..." என்று எஸ்லின் ஆரம்பித்தாள்.

"அடைக் கூடைய மட்டும் கேக்காதீங்க. பதினொண்ணுங்கது ஒத்தப்படை. ஒண்ணு கூடுனா ரெட்டப்படை ஆயிரும், ஒண்ணும் பொரிக்காதும்பாக. என்னையே கிட்ட விட மாட்டாக" என்று சொல்லிவிட்டுக் கோமதித்தாய் அடுப்படிக்குப் போனாள்.

கூடை தொழுவத்து மூலையில் இருந்தது. வைக்கோலில் இடிக்குக் காவலாக ஓர் இரும்பு ஆணியும் இரண்டு கரித்துண்டும். மேலே வெள்ளைப் பெட்டை, கலெக்டர் நாற்காலியில் உட்கார்ந்த தோரணையில். எஸ்லின் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள். ஒத்தப்படைதானே வேண்டும்? கையை விட்டு ஒரு முட்டையை எடுத்தாள், பெட்டை கொத்தியது. தன் முட்டையை வைத்தாள், பெட்டை இன்னொரு தடவை கொத்தியது. எடுத்ததை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். பதினொன்று பதினொன்றாகவே இருந்தது. அவள் அப்பா பெற்ற பிள்ளை, இதுவரை பிறத்தியார் வீட்டுக் குண்டூசியைக்கூட எடுத்ததில்லை.  காப்பி ஆறித்தான் வந்தது, அதைப் பற்றி அப்போது அவள் யோசிக்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் துரைப்பாண்டியின் முட்டையை இன்குபேட்டரில் வைத்தாள். அவர் முட்டை அவளுடைய மெஷினில், அவள் முட்டை அவருடைய கோழியில். இப்போது மாற்றப் போனால் அண்ணாச்சி வீட்டில் இருப்பார், பொரிக்கிற அன்று குஞ்சை மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. துரைப்பாண்டி, குரல் உடைந்துபோய்.

"டீச்சர், குடி கெட்டுது. கோழி எரை எடுக்க எந்திரிச்சப்போ டார்ச் அடிச்சுப் பாக்கேன், எந்த நாசமாப் போவானோ செய்வினை முட்டையக் கொண்டாந்து வச்சிருக்கான். பிளாஸ்டர் ஒட்டி, நம்பர் போட்டு, ஒரு பக்கம் பெருக்கலு, ஒரு பக்கம் சுழி. சங்கரபாண்டியன் வேலதான். நீங்க முட்டை படிச்சவுக, வந்து என்னன்னு பாருங்க. பாத்ததும் கிணத்துல போட்டுருதேன்."

கிணறு என்ற வார்த்தை காதில் விழுந்தபோது எஸ்லின் ஸ்கூட்டரில் பாதி ஏறியிருந்தாள்.

போய்ப் பார்த்தால் தெருவே கூடியிருந்தது. நடுவில் முறத்தில் உமி பரப்பி, அதன் மேல் முப்பத்தோராம் முட்டை. அண்ணாச்சி ஒரு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார், சங்கரன்கோவில் கோயிலிலிருந்து கொண்டுவந்த புற்றுமண் பொட்டலம் கையில். "இதக் கொழைச்சு முட்டை பூராவும் பூசிக் கிணத்துல எறியணும்னு சொல்லுதாக. என்ன சொல்லுதீங்க?"

எஸ்லின் முட்டையைக் கையில் எடுத்தாள். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. இன்னும் சூடு இருந்தது. உண்மையைச் சொன்னால் முட்டை பிழைக்கும். ஆனால் தெரு முழுக்கப் பார்க்க, கண்காட்சிச் சேவலின் வாரிசைத் திருடியவள் என்று பேராகும். அண்ணாச்சி அந்தக் கோபத்திலேயே அதை உடைத்தாலும் உடைப்பார். அப்பா முப்பது வருஷம் வகுப்பில் பேயும் இல்லை பில்லியும் இல்லை என்று தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. மன்னியுங்கப்பா என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள்.

"கிணத்துல போட்டா தண்ணியில எறங்கிரும். உடைச்சா வச்சவன் நினைச்சது நடந்துரும். மண்ணுகிண்ணு பூசவே கூடாது, கோவம் கூடிரும். எந்தக் கோழிகிட்ட வச்சானோ அந்தக் கோழியே பொரிக்கணும். பொரிச்சா எல்லாம் திரும்பிப் போயிரும்."

"படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது கூட்டம். இந்த வார்த்தையைக் கேட்டு அவள் இவ்வளவு வெட்கப்பட்டது கிடையாது.

முட்டையைக் கூடையில் திரும்ப வைத்தபோது கோமதித்தாய் பக்கத்தில் வந்து குனிந்தாள். "பதினொண்ணு பதினொண்ணாவே இருக்கு, பாத்தீங்களா டீச்சர்? வச்சவன் நல்லா எண்ணத் தெரிஞ்சவன்." குரல் தேனாக இருந்தது. "எங்க வீட்டு அடுப்படி ஜன்னல்ல நின்னா தொழுவம் நல்லாத் தெரியும்."

 கோமதித்தாய் நிமிர்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இதுக்குப் பரிகாரம் உண்டும்லா டீச்சர்? பொரிக்க ஆறு நாள் இருக்கு. அதுவரைக்கும் வீட்டு ஆம்பளதான் தொழுவம் கூட்டணும், தண்ணி எடுக்கணும், பாத்திரம் வெளக்கணும்னு எங்க அம்மை சொல்லுவா. சரிதான?"

"சரிதான்" என்று எஸ்லின் மென்று முழுங்கினாள்.

"கோழியப் பத்தியும் கண்காட்சியப் பத்தியும் வாயத் தொறக்கப்படாது. அதுவும் உண்டும்லா?"

"உண்டு அக்கா."

துரைப்பாண்டி தலையை ஆட்டினார். "அது முடிஞ்சதும் அந்தச் சங்கரபாண்டியன் வீட்டு வாசல்ல போயி நின்னு நாலு வார்த்தை கேக்காம விட மாட்டேன்."

அந்த ஆறு நாளும் கல்லூரி முடிந்ததும் எஸ்லின் பனவடலிசத்திரம் போனாள். அண்ணாச்சி சாம்பல் அப்பிய கையோடு பாத்திரம் விளக்கிக்கொண்டிருப்பார். கோமதித்தாய் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பாள். "கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். இந்த மாதிரி செய்வினை ஏன் முன்னாலேயே யாரும் வைக்கல?" என்று ஒருநாள் எஸ்லினின் காதில் சொன்னாள். அவளுக்குக் கொண்டாட்டம். எஸ்லினுக்கு மட்டும் தூக்கம் பிடிக்கவில்லை. உள்ளே கரு உயிரோடு இருப்பது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. காடை நரம்பு கடைசி வரை நடந்ததா, பாதியில் நின்றதா என்பது எந்த வெளிச்சத்திலும் தெரியாது.

இருபத்தோராம் நாள் காலை எஸ்லின் ஒரு டிபன் டப்பாவோடு போய் இறங்கினாள். மூடியில் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே இன்குபேட்டரில் பொரித்த துரைப்பாண்டியின் வெள்ளைக் குஞ்சு. சத்தமில்லாமல் இதை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவது திட்டம்.

திட்டம் வாசலிலேயே படுத்துவிட்டது. அண்ணாச்சி கூடைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், சலவை வேட்டி, நெற்றியில் பட்டை. உள்ளங்கையில் அந்தக் குஞ்சு இருந்தது. உடம்பெல்லாம் வெளிறிய மஞ்சள். பிடரியில் மட்டும் காடையின் பழுப்பும் கறுப்புக் கோடும், யாரோ சின்னத் துண்டு போர்த்திவிட்ட மாதிரி.

நரம்புச் செல்கள் கிளம்புகிற அதே இடத்திலிருந்துதான் இறகுக்கு நிறம் கொடுக்கிற செல்களும் கிளம்புகின்றன. எஸ்லினுக்கு அது தெரியும். நட்ட துண்டு பிடித்துவிட்டது! கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் பிடரியில் நிறம் வந்தால் பிடரி வரைக்கும்தான் சாட்சி. மற்றதற்கு மறுமுனையைத்தான் பார்க்க வேண்டும். அவள் குனிந்து குஞ்சின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"விடியக்காலம் பொரிச்சிது டீச்சர். கழுத்துல அடையாளத்தோட பொறந்திருக்கு. இன்னைக்கே திருவேங்கடம் போயி அவன் மூஞ்சியில காட்டுதேன்."

"வெளிக்குப் போச்சா அண்ணாச்சி?"

"நானா?"

"குஞ்சு."

"இல்ல. எதுக்குக் கேக்கீங்க?"

மணி ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. குஞ்சு அவர் கையில் தூங்கியது, கத்தியது, மறுபடி தூங்கியது. எஸ்லின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பத்துக் குஞ்சும் வைக்கோலை அசிங்கம் பண்ணிவிட்டன. இது மட்டும் அசையவில்லை. வயிறு கொஞ்சம் உப்பலாக இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. வராந்தாவில் நின்ற அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி எழுந்தார். "நான் கிளம்புதேன். ஏட்டி, வண்டிச் சாவிய எடு."

கோமதித்தாய் எடுக்கவில்லை. எஸ்லினைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இப்போது கேலி இல்லை.

"சங்கரபாண்டியன் அண்ணாச்சி வைக்கல" என்றாள் எஸ்லின். "நான்தான் வச்சேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். டிரான்ஸ்பார்மர், ஜாக்கெட், ஒத்தப்படை, காடை. டிபன் டப்பாவைத் திறந்து வெள்ளைக் குஞ்சைக் கூடையில் விட்டாள். பிளஸ்ஸியைப் பற்றியும் சொன்னாள். "அன்னைக்கு எனக்குப் பத்து வயசு. என் தங்கச்சி செத்துருவான்னு நினைச்சேன். அவளுக்கு நரம்பு ஏன் கடைசி வரைக்கும் போய்ச் சேரலைங்கதுக்குத்தான் இத்தனை முட்டையும். நீங்க என்ன திட்டுனாலும் கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. அது கழியுத வரைக்கும் கீழ மட்டும் போட்டுராதீங்க."

துரைப்பாண்டியின் முகம் சிவந்தது. ஆறு நாள் விளக்கிய பாத்திரமெல்லாம் அவர் கண்ணில் வரிசையாகத் தெரிந்திருக்க வேண்டும். முதலில் எஸ்லினைப் பார்த்தார், பிறகு பொண்டாட்டியைப் பார்த்தார். "ஏட்டி, உனக்குத் தெரியுமா?"

"ஜன்னல் வழியா பாத்தேன்" என்றாள் கோமதித்தாய், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "உங்களுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே உடைச்சிருப்பீக. பாவம் அந்தப் பிள்ள, முட்டைய நெஞ்சுல வச்சுக்கிட்டு வந்துச்சு."

அவர் வாயைத் திறந்தார். நாலு வார்த்தைக்குப் பதில் நாற்பது வார்த்தை வரப்போகிறது என்று எஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தையும் வரவில்லை. கண்ணைத் திறந்தால், அவர் தன் உள்ளங்கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

குஞ்சு காலைக் கொஞ்சம் அகட்டி, பின்னால் சாய்ந்து, தன் அளவுக்கு முழு மூச்சையும் கூட்டி ஒரு முக்கு முக்கியது. வெதுவெதுப்பாக, கரும்பச்சையில், ஓரத்தில் வெள்ளையோடு, பரிசு வாங்கிய சேவலை வளர்த்த அந்தக் கையில் இறங்கியது.

"ஸ்தோத்திரம்!"

எஸ்லின் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. பெட்டைக்கோழி சிறகை விரித்துக்கொண்டு சண்டைக்கு எழுந்தது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

துரைப்பாண்டி கையை நீட்டியபடியே நின்றார். கோபத்தை எங்கே விட்டார் என்று தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. கடைசியில், "டீச்சர், இதத் தொடைக்கலாமா, இல்ல இதுவும் பரிச்சைக்கு வேணுமா?" என்று கேட்டார்.

"வேணும் அண்ணாச்சி! தொடைச்சிராதீங்க, ஆட்டாதீங்க, அப்படியே வச்சிருங்க" என்று எஸ்லின் பையைக் கொட்டிச் சின்ன பாட்டிலைத் தேடினாள்.

கோமதித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "இன்னும் ஆறு நாளைக்கு அந்தக் கையக் கழுவப்படாதுன்னு சொல்லுங்க டீச்சர். நீங்க சொன்னா கேப்பாக."